சுடாத கால்

இன்று பகல் புறப்பாட்டில் சாமி நம் தெரு முனையில் நின்றபோது, தார் ரோட்டில் என் உள்ளங்கால் சுட்டது. சுட்டது என்று நான் நினைப்பதற்குள் கால் தானாகத் துள்ளிவிட்டது. இந்த வயசில் அங்கே வெறுங்காலோடு எனக்கு என்ன வேலை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கால் துள்ளியதும் நீதான் ஞாபகத்துக்கு வந்தாய்.

பல்லக்கில் முன்தண்டு, வலப்பக்கம் உன் இடம். உன் அப்பாவுக்குப் பின் உனக்கு வந்தது. பங்குனி வெயிலில் சாமி நிற்கும் இடமெல்லாம் மற்றவர்கள் கால் மாற்றி மாற்றி நிற்பார்கள். வீட்டுப் பெண்கள் குடத்தோடு ஓடிவந்து காலடியில் தண்ணீர் ஊற்றுவார்கள். நீ மட்டும் நட்ட கம்பம் மாதிரி நிற்பாய். "சுடலையாபா?" என்றால், "ஒண்ணுமே தெரியலபா. சாமி பாத்துக்குது" என்பாய். தெருவே உன்னைக் கும்பிட்டது.

நானும்தான் மெச்சினேன். அதுதான் என்னால் ஜீரணிக்க முடியாதது. எட்டாவதோடு தறிக்குழியில் இறங்கியவன் நான். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய உடற்கூற்றுப் புத்தகத்தை நானாகவே படித்து, நரம்பு மண்டலப் படத்தைத் தறிக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தவன். உனக்கு எத்தனை தரம் விளக்கியிருப்பேன்: உள்ளங்காலில் சூடு பட்டால் சேதி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போகிறது, மூளையைக் கேட்காமலே காலை இழு என்று அங்கிருந்து உத்தரவு வந்துவிடுகிறது, மூளைக்கு அப்புறம்தான் தெரியும். நீ சிரித்தாய். "அப்போ மூளை இல்லாமலே காலத்த ஓட்டலாம்னு சொல்லு. உனக்கு வசதிதான்."

இவ்வளவு தெரிந்தவன், உன் கால் ஏன் துள்ளவில்லை என்று கேட்டிருக்க வேண்டாமா? டீக்கடையில் தீர்ப்புச் சொன்னேன்: "நாப்பது வருஷமா வெறுங்காலோட தூக்குறான். நரம்பு பழகிப்போச்சு." உன் வீட்டுக்காரி ஒருநாள் தனியாக வந்து சொன்னாள்: "செருப்பு கழண்டு போறதுகூடத் தெரியாம நடந்துக்கினு இருக்காருண்ணா. பயமா இருக்குது." "நரம்பப் பத்தி நீ எனக்குச் சொல்றியாமா?" என்று அவள் வாயை அடைத்தேன்.

அந்த வருஷம் பல்லக்கை மண்டபத்தில் இறக்கியதும் நீ நீர்மோர் வாங்கப் போனாய். கல் தரையில் உன் காலடி ஈரமாகப் பதிந்துகொண்டே போனது. ரோட்டில் ஊற்றிய தண்ணீர் என்று நினைத்தேன். ஈரம் சிவப்பாக இருந்தது. "காலைத் தூக்குபா" என்றேன். உள்ளங்கால் தோல் பாளமாகத் தொங்கியது. கையில் மோரோடு நீ அதைப் பார்த்தாய், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் உன்னைக் கண்ணை மூடச் சொன்னார். "தொட்டா சொல்லுங்க" என்று நைலான் இழை ஒன்றால் உன் இன்னொரு பாதத்தை இடம் இடமாகத் தொட்டு முடித்தார். நீ கண்ணைத் திறக்காமலே கேட்டாய்: "எப்போ சார் தொடப் போறீங்க?"

பல வருஷமாகச் சர்க்கரை இருந்திருக்கிறது. அது நீளமான நரம்புகளைத்தான் முதலில் அரிக்குமாம். இடுப்பிலிருந்து கால்விரல் வரை போகிறவைதான் உடம்பிலேயே நீளம். அதனால் விரலில் தொடங்கி மேலே ஏறுமாம். நரம்பு பழகிப்போச்சு என்று நான் சொன்னதற்கு, "பழகிப்போகல பெரியவரே, செத்துப்போச்சு" என்றார் டாக்டர். சண்டை போட்டேன். புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதில் இருந்தது நல்ல உடம்பு மட்டும்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்புறம் நடந்ததை எந்தப் படமும் எனக்குச் சொன்னதில்லை. "கால் சுடுதுபா" என்றாய். எடுத்த கால். இருந்தவரை சுடாதது, இல்லாமல் போனபின் சுட்டது. மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது, சேதி வராமல் அதுவே கத்துகிறது என்றார்கள். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் காட்டி, "தண்ணி ஊத்துபா" என்றாய். ஊற்றினேன். நர்ஸம்மா திட்டினார். "இப்போ பரவால்லபா" என்றாய். நீ போகிறவரை ஊற்றினேன்.

அதிலிருந்து, பல்லக்கு எழும்புமுன் தூக்குகிறவர்களை உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஜரிகை இழையால் உள்ளங்காலைத் தொடுகிறேன். "கிச்சுகிச்சு மூட்டத்தான் இன்னும் உசுரோட இருக்கியா பெரியப்பா?" என்கிறார்கள். இது எந்த ஆகமத்தில் இருக்கிறது என்று சிலர் முறைத்தார்கள். என் ஆகமத்தில் இருக்கிறது என்றேன். தொட்டது தெரியாதவன் தண்டில் தோள் வைக்கக் கூடாது.

உன் இடம் இப்போது உன் மகனுடையது. இன்று குதிகால் சொன்னான், நடுப்பாதம் சொன்னான். பெருவிரலைத் தொட்டேன். இழை வளையும்வரை அழுத்தினேன். கண்ணை மூடியபடியே சொன்னான்: "சீக்கிரம் தொடு பெரியப்பா, நேரமாவுது."

இழையைச் சுருட்டி இடுப்பில் செருகினேன்.

"ரத்தம் குடுத்து சர்க்கரை பாத்துட்டு வந்து தூக்கு" என்றேன். கத்தினான். நான் நகரவில்லை. முன்தண்டில் ஆள் குறைந்தது. நானே தோள் கொடுத்தேன். அதனால்தான் ரோட்டில் நின்றேன். அதனால்தான் சுட்டது.

அடுத்து உன் வீட்டு வாசலில் சாமி நின்றது. உன் வீட்டுக்காரி குடத்தோடு வந்தாள். அன்று வாயடைத்ததற்கு அவளிடம் இதுவரை நான் மன்னிப்புக் கேட்டதில்லை, எனக்கு வராது. என் காலடியில் தண்ணீரை ஊற்றினாள். "பையன ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேண்ணா" என்றாள். அப்புறம் நிமிராமலே கேட்டாள்: "உங்களுக்குச் சுடுதா?"

ஜரிகை இழை என் இடுப்பு மடிப்பில் இருந்தது.

"சுடுதுமா" என்றேன்.