பர்மனென்ட் என்று சொன்ன வாய்

ஐப்பசி 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மந்தாரக்குப்பம் முழுக்கச் சேறு.

இன்று கணக்கெடுக்க வந்தார்கள். வெளிநாட்டு உதவியாம். நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்டில் வேலை பார்த்து இறந்தவர்களின் பெண்டாட்டிகளுக்கு மாதாமாதம் ஏதாவது கிடைக்க நம் அரசாங்கத்தோடு சேர்ந்து வழி செய்கிறார்களாம். மகன் போய் மூன்று வருஷம். வருவார்கள் என்று மருமகள் சுமதி நேற்றே சொல்லிவிட்டாள்.

பக்கத்து வீட்டுக் கஸ்தூரியிடம் இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டேன். ஒழுகும் இடத்தில் வைத்த குண்டானைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பட்டுப்புடவை கட்டினேன்.

வெள்ளைக்காரம்மா ஒன்று, எழுதுகிற தமிழ்ப் பெண் ஒன்று. அந்தம்மா ஊர் குளிர் நாடாம். அங்கே வயதானால் அரசாங்கமே பார்த்துக்கொள்ளுமாம். சொல்லும்போது அவள் முகத்தில் பெருமையே இல்லை. நானாக இருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பேன்.

கஸ்தூரி வாசலிலேயே நின்றாள். எழுதுகிற பெண் கேட்டாள்:

"உங்க பையன் பர்மனென்டா, கான்ட்ராக்டாம்மா?"

"பர்மனென்ட்தாம்மா. எங்க வூட்டுக்கு ஒரு குறையும் இல்ல."

சுமதி காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஒரு கோடு போட்டாள். அவ்வளவுதான்.

ஐப்பசி 5, புதன்

மழை இல்லை. முருங்கைக்கீரை. உப்பு கூடிவிட்டது.

"நீயாவது வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?" என்று சுமதியைக் கேட்டேன்.

"பொண்ணு பார்க்க வந்தப்பவும் பர்மனென்ட்னுதான் சொன்னீங்க அத்தை. நம்பி வந்தேன். நேத்து அத்தினி பேர் எதிர்ல உங்கள என்னான்னு சொல்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு குவார்ட்டர்ஸுக்குப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். நாலு வீடு.

அவள் அப்பா அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பர்மனென்ட் மாப்பிள்ளை என்று.

ஐப்பசி 14, வெள்ளி

பெயர்ப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். சுமதி பெயர் இல்லை. கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தேன். ஐந்தாவது படித்த படிப்பு, தப்பாகப் படிக்க மாட்டேன்.

கஸ்தூரி: "உங்களுக்கு எதுக்கு ஆயா இது? கம்பெனி பென்ஷன் வந்துகினு இருக்குமே."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். திரும்பவும்.

மாற்றிச் சொல்வதானால் செவ்வாய்க்கிழமை கடைசி நாள்.

பேத்திக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வேண்டுமாம்.

ஐப்பசி 17, திங்கள்

வெயில். கணக்கெடுக்க வந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுமதியோடு போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் கஸ்தூரி, அவள் தங்கைக்காக. அவள் முன்னால் போகட்டும் என்று தண்ணீர் குடிக்கிற மாதிரி இரண்டு தரம் விலகினேன். அவள் போகவில்லை. கடைசியில் சொல்லிவிட்டேன்.

"என் மகன் கான்ட்ராக்ட்தாம்மா. பதினோரு வருஷமும் கான்ட்ராக்ட்தான்."

"அப்புறம் ஏம்மா அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?"

 அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவனுடைய மைன்ஸ் கேட் பாஸ் வேண்டுமாம். எங்கே போவேன். அவன் போன மறுநாள் கத்தரிக்கோலால் போட்டோவை மட்டும் வெட்டி எடுத்தேன். கான்ட்ராக்டர் பெயர் இருந்த மிச்சத்தை அடுப்பில் போட்டேன். போட்டோவை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறேன்.

பாஸ் இல்லையென்றால் கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குள்.

வரும் வழியில் கஸ்தூரி என் பையை வாங்கிக்கொண்டாள்.

ஐப்பசி 18, செவ்வாய்

மறுபடி மழை. ஏழுமலை வீட்டுக்கு விடிந்ததும் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். மகனோடு ஒரே ஷிப்டில் இருந்தவன்.

இதை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், மகன் நெஞ்சுவலியில் இறந்த அன்று, ஏழுமலையும் இன்னும் ஐந்தாறு பேரும் கான்ட்ராக்ட் யூனிபார்ம் சட்டையோடு மாலை எடுத்து வந்தார்கள். சம்பந்தி வீட்டு உறவெல்லாம் உள்ளே. தெருமுனையிலேயே நிறுத்தி, வர வேண்டாம் என்று அனுப்பினேன்.

இன்று கேட்டதும் சட்டையை மாட்டினான். இன்னொருவனையும் கூப்பிட்டுக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மேலே அனுப்புவார்களாம். பெயர் சேரும், சேராது, எதையும் இப்போது சொல்ல முடியாதாம்.

"அந்த மாலைய என்னாப்பா பண்ணீங்க?" நானேதான் கேட்டேன்.

"மைன்ஸ் கேட்டாண்ட வேலியில மாட்டிட்டு டூட்டிக்குப் போயிட்டோம்மா. அவன் தெனம் நுழையற எடம்தானே."

வீட்டுக்கு வா என்றேன். செகண்ட் ஷிப்ட் இருக்கிறது என்றான். ஐந்து நிமிஷம் என்றேன். வந்தான். செருப்பை வெளியே விட்டு, ஈரக் காலைத் துடைத்து, படத்துக்கு முன்னால் நின்றான். சுமதியும் வந்து நின்றாள்.

"இது பாஸ் போட்டோதானேம்மா" என்றான்.

ஆமாம்ப்பா, கான்ட்ராக்ட் பாஸ் என்றேன்.