நினைவுப் பலகையில் ஒரு வரி

அன்பு நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே நீயும் உன் முட்டிவலியும் ஒருவரை ஒருவர் அனுசரித்துப் போகிறீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். பாதி ஆயுசைப் போனிலேயே கழித்தவள்தான் நான். இதை மட்டும் போனில் சொல்ல வாய் வரவில்லை.

நாம் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இருந்த இடத்தில் இப்போது டயர் கடை. அதன் முன்னால், சாலையோரத்தில், நினைவுப் பலகை வைக்கப் போகிறார்கள். ஊர் வரலாற்றுச் சங்கத்தின் வேலை. செயலாளர் நம் பல் டாக்டர்தான். இதுவரை பதினோரு பலகை நட்டுவிட்டார். முதல் அச்சகம், பழைய படகுத்துறை, யாரோ ஒரு மந்திரியின் வண்டி பஞ்சராகி நின்ற இடம் என்று ஒன்றையும் விடவில்லை. பன்னிரண்டாவது நமக்கு.

விடிந்ததும் பனியில் நடக்கப் போவேன். சாலை தெரியாது, வீடுகள் தெரியாது. பலகைகள் மட்டும் மிதப்பது போல நிற்கும். ஒன்றில் ‘இவ்விடத்தில்’ என்று மட்டும் தெரியும், இன்னொன்றில் ‘அன்று மாலை’. ஊர் தூக்கத்தில் ஏதோ உளறுவது போல இருக்கும். நானும் அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டே நடப்பேன்.

போன வாரம் டாக்டர் நம் பலகைக்கான வாசகத்தோடு வீட்டுக்கு வந்தார். அணை உடைந்த மதியம் இரண்டு பெண்கள் ஊரைக் காப்பாற்றினார்கள் என்று எழுதியிருந்தார். ஒருத்தி, தண்ணீர் இடுப்பளவு ஏறும்வரை நாற்காலியை விட்டு எழாமல் வீடு வீடாகப் போன் போட்டாள். அது நீ. இன்னொருத்தி பஸ் நிலையத்துக்கு ஓடி, அங்கிருந்தவர்களை மேட்டுக்கு அனுப்பினாள். அது நானாம்.

முப்பத்தொரு வருஷமாக ஊர் அப்படித்தான் சொல்கிறது. நீயும் அப்படித்தான் நம்புகிறாய். அணைக் காவலர் கூப்பிட்டுச் சொன்னதுமே, பஸ் நிலையத்துக்குச் சொல்லிட்டு வரேன் என்றுதானே நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

நான் போகவில்லை, கண்ணு. தெருவில் இறங்கியதும் தூரத்தில் தண்ணீர் வரும் இரைச்சல் கேட்டது. எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பஸ் நிலையத்தில் இருந்தவர்கள் இரைச்சல் கேட்டுத் தாங்களாகவே ஓடியிருக்கிறார்கள். பிறகு யாரோ என்னைப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

இன்னும் இருக்கிறது. நூறு வரையிலான எண்களுக்கு வயர் செருகுவது என் போர்டில், அதற்கு மேல் உன்னுடையதில். உன் வரிசையை முடித்துவிட்டு என் வரிசைக்கு மாறி, ஒன்றிலிருந்து அறுபத்துநான்கு வரை போட்டாய். லைன் செத்துப்போனது. நம் வீட்டு எண் எண்பத்தேழு. ராத்திரி டியூட்டி முடித்துவந்த உன் அண்ணன் அங்கே அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு முதலில் போட்டிருக்கலாமே அண்ணி என்று நீ என் மடியில் விழுந்து அழுதாய். உன் முதுகைத் தடவியபடி, விடும்மா, நான் உன்னை மன்னிச்சுட்டேன் என்றேன். அந்த மாதமே நீ ஊரை விட்டுப் போனாய். நான் என் நாற்காலியில் இருந்திருந்தால் எண்பத்தேழைத் தொட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

சில நாள் கனவில் எண்பத்தேழில் வயரைச் செருகுகிறேன். மணி அடிக்கிறது. அவர் எடுத்துவிடுகிறார். தண்ணீர் வருது என்று சொல்லத் தோன்றாமல், சாப்பிட்டாச்சா என்று கேட்கிறேன். ம் என்கிறார். அந்த ம்மைக் கேட்டுக்கொண்டே கிடப்பேன், எழ மனசு வராது.

டாக்டரிடம் பேனா வாங்கி இரண்டாவது பெண்ணை அடித்தேன். ஏன் என்றார். சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. தொழில் பழக்கத்தில், வலிக்குதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். பொய்தான்.

பலகை நேற்று வார்ப்படமாகி வந்துவிட்டது. உன் பெயர் மட்டும், தலைப்பெழுத்தோடு. விரலால் தடவிப் பார்த்தேன், நல்ல ஆழமான எழுத்து. அடுத்த மாதம் நடுகிறார்கள். நீ வர வேண்டும். கோபம் இருந்தால் கோபத்தோடு வா. என்னிடம் பேசாமல் இருப்பதானாலும் இங்கே வந்து பேசாமல் இரு. மாடி அறையைப் பெருக்கி ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.

வராவிட்டாலும் சரி. இனிமேலாவது நீ நிம்மதியாகத் தூங்கு, தாயே. உன் மேல் எந்தத் தப்பும் இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை.

இன்னும் அப்படிக் கூப்பிடுவாயானால்,
உன் அண்ணி