ரோமுக்குப் போனதும் நைனாவோடு பேசாததும்

மே 9, சனி

வெயில் கொளுத்துகிறது. மத்தியானமாகியும் கடல்காற்று இல்லை. பெட்டி மூட மறுத்தது. தம்பியை மேலே உட்காரவைத்து மூடியாயிற்று. உள்ளே: இரவல் ஸ்வெட்டர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி. கருவாட்டுத் தொக்கை, எங்களைக் கூட்டிப்போகும் வசந்தி மிஸ் வந்து எடுத்துவிட்டார். "பிளேனையே எறக்கிடுவாங்கடி."

பள்ளிக்கூட வரலாற்று வினாடி வினாவில் ஜெயித்த எட்டுப் பெண்களுக்கு ரோம் பயணம் பரிசு. நைனாவுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. நேற்றும் சண்டை.

"இடிஞ்ச கட்டடத்த பாக்கவா பிளேன்ல போற? தண்டையார்பேட்டைல இல்லாத இடிஞ்ச கட்டடமா?"

"உனுக்கு இன்னா தெரியும் நைனா, சொம்மா இரு."

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. நானும்.

சாயங்காலம் விமான நிலையம். கூட வரும் நிலோபர் வீட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள், மாலையோடு. எங்கள் வீட்டில் அம்மா, தம்பி. அவ்வளவுதான். நைனா ஓட்டுகிற டிரெய்லர் லாரி ஹார்பர் கேட்டில் க்யூவில் மாட்டிக்கொண்டதாம். நம்பவில்லை. போகப் பிடிக்காத கல்யாணத்துக்கெல்லாம் அவருக்கு இதே க்யூதான். உள்ளே போகும்வரை கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கோபம். அழுகையும்.

மே 11, திங்கள். ரோம்

இளவெயில். கால் வலி. கொலோசியம் பெரிசுதான், ஒத்துக்கொள்கிறேன். திருவொற்றியூர் தேர்க் கூட்டம் தோற்றுவிடும்.

இங்கே மனிதர்களைச் சிங்கத்தோடு மோதவிட்டார்கள் என்று மிஸ் சொன்னதும் நிலோபர்: "நம்ம வியாசர்பாடி பாக்ஸிங் பசங்கள எறக்கி வுட்டா சிங்கம்லாம் காலி, மிஸ்." மிஸ் முறைத்தார். பிறகு திரும்பிக்கொண்டு சிரித்தார். பார்த்துவிட்டேன்.

சாப்பாடு: பீட்சா. ராத்திரியும் பீட்சா. அதன் மேல் புளிக்காய்ச்சல் தடவித் தின்றோம். ஓட்டல்காரர் ஒரு விரல் ருசி பார்த்துவிட்டுத் தண்ணீருக்கு ஓடினார்.

அம்மா வீடியோ கால். பின்னால் நைனாவின் பனியன் மட்டும் தெரிந்தது.

"நைனாவாண்ட பேசுறியா?"

"அவரு மொதல்ல பேசட்டும்."

பனியன் நகர்ந்து போய்விட்டது.

மே 13, புதன். பொம்பெயி

எரிமலைச் சாம்பல் மூடிய ஊர். வெயில் அசல் நம்மூர் வெயில். எல்லாரும் செத்துப்போனவர்களின் உருவங்களைப் பார்க்கப் போனார்கள். என்னால் முடியவில்லை. தெருவோரம் உட்கார்ந்துவிட்டேன்.

கல் பாவிய ரோடு. நடுவில் நீளமாக இரண்டு பள்ளம். திரும்பி வந்த மிஸ்ஸிடம் கேட்டேன். சரக்கு வண்டிகள் போய்ப் போய்ச் சக்கரம் தேய்த்த தடமாம். கல்லை! கை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுசும் இறங்கியது.

எத்தனை ராஜா பெயரை மனப்பாடம் செய்து ஜெயித்தேன். வண்டி ஓட்டினவனைப் பற்றி ஒரு கேள்வி வந்ததா?

நைனாவோடு பேசவேண்டும்போல இருந்தது. ரொம்ப. தடத்தைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தை எழுதவில்லை. ரோஷம்தான்.

மே 14, வியாழன்

தூறல். மியூசியம். மூக்கில்லாத சிலைகள். எதுவும் மனசில் ஏறவில்லை. போட்டோவை அவர் பார்த்துவிட்டார், நீல டிக் வந்துவிட்டது. பதில் இல்லை.

மத்தியானம் பஸ்ஸில் வாய்ஸ் மெசேஜ். நைனா! பின்னால் லாரி ஹார்ன்கள்.

"தோ பாரு, ரோடு நல்லாத்தான் போட்டுகிறான். ஆனா சந்து சின்னது. எதுத்தாப்ல இன்னொரு வண்டி வந்தா எவன் ரிவர்ஸ் எடுப்பான்? மிஸ்ஸாண்ட கேட்டு சொல்லு."

அப்புறம் வெறும் ஹார்ன். முடிந்ததென்று நினைத்தேன்.

"அன்னிக்கி வரணும்னுதாம்மா இருந்தேன். கேட்டாண்ட மாட்டிகிச்சு. வண்டிய வுட்டு எறங்கி ஓடியாந்தா பின்னாடி கீற ஒரு வண்டியும் நவுராது. மேல பிளேன் போய்கினே இருந்துச்சு. எது உன்னுதுன்னு தெர்ல. எல்லாத்துக்கும் கைய காட்டிகினு இருந்தேன்."

பஸ் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். நிலோபர் பயந்துபோனாள். "இன்னாடி, வூட்ல எதுனா ஆயிடுச்சா?"

"இல்ல. நைனா பிளேனுக்குக் கைய காட்டினாராம்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மிஸ் பதில்: அந்த ஊரில் ஒருவழிப் பாதைகள் இருந்திருக்கலாமாம். பேசி அனுப்பினேன். உடனே நைனா: "அப்பவேவா! நம்மாளுங்களுக்கு இன்னும் வர்லியே."

மே 17, ஞாயிறு

சென்னை. கதவு திறந்ததும் அனல். வெளியே அதே மாலையோடு நிலோபர் வீட்டுக் கூட்டம். அம்மா கையாட்டினாள், தம்பி குதித்தான். நைனா இல்லை. 

அம்மா கண்ணைக் காட்டினாள். தூண் ஓரத்து நாற்காலியில் நைனா. இஸ்திரி போட்ட சட்டை. வாய் திறந்து அசந்து தூக்கம்.

"லோடு எடுத்தா மாட்டிக்குவேன்னு நேத்து சாய்ங்காலமே வந்து குந்திகினாரு. பொட்டு கண்ண மூடல. இப்பத்தான் அசந்தாரு."

படிவத்தில் அப்பா பேர்தான் இருக்கிறதாம்; அவர் கையெழுத்துப் போட்டால்தான் என்னை விடுவாராம் மிஸ். "எழுப்பும்மா."

"கொஞ்ச நேரம் மிஸ்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். டீசல் வாசனை. அவர் தலை என் தோளில் சரிந்துவிட்டது. எழுதினால் தோள் ஆடுகிறது. போதும்.