நான் ஜெயிச்ச ஆட்டம்

என்னங்க,

பசுவந்தனைக்கு அம்மா வீட்டுக்குப் போறேன். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் மூடி வச்சிருக்கு. சாயங்காலம் யுபிஎஸ் பாக்க ஆள் வருவாரு. நீங்க வெளிய போனா சாவியப் பக்கத்து வீட்டுச் சந்தனமாரி அக்காட்ட குடுத்துட்டுப் போங்க.

நேத்து கம்ப்யூட்டர்ல கோட்டை பிடிக்கிற ஆட்டம் விளையாடினோம்லா, என் டிராகன் உங்க ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்துல நின்னுச்சு. அடுத்த முறை என்னோடது. உங்க கோட்டை விழுந்திருக்கும். பாத்துட்டிருந்த உங்க கூட்டாளி கிருஷ்ணகுமார் அண்ணனுக்குக் காப்பி போட்டுட்டு வந்து பாத்தா டிராகனையே காணும். "நீதான் தப்பா நகர்த்தியிருப்ப, நான் ஜெயிச்சிட்டேன்"னு சொன்னீங்க. அந்த அண்ணனும் சிரிச்சாரு. நானும் என் தப்புன்னே நெனச்சேன்.

காலைல திறந்து பாத்தேன். கம்ப்யூட்டர் தானா சேவ் பண்ணி வச்ச ஆட்டத்துல டிராகன் அங்கனயே நிக்கு. நான் அடுப்படில இருந்தப்ப நீங்க அதுக்கு முன்னால சேவ் பண்ணின ஆட்டத்த ஏத்தி, என் டிராகன் இல்லாம மாத்தி விளையாடியிருக்கீங்க.

தோத்தா என்ன கொறஞ்சு போச்சு? என் மேல எனக்கே சந்தேகம் வர வச்சீங்களே, அதான் பொறுக்கல.

அந்த அண்ணன்ட்ட "பிரேமாதான் ஜெயிச்சா"ன்னு சொல்லிட்டு போன் பண்ணுங்க. வாரேன்.

பிரேமலதா

குழம்பச் சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

அம்மாட்ட சண்டைன்னு சொல்ல மாட்டேன், சும்மா பாக்க வந்தேன்னு சொல்லுவேன். ஞாயித்துக்கிழமை வரைக்குந்தான் அந்தப் பொய் தாங்கும்.