காப்பு கட்டாதவர்கள்

வேலந்தாங்கல்
10.5.1986

அன்பு மகள் மணிமொழிக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பளவில் எனக்குக் குறை ஒன்றுமில்லை, முழங்கால் வலி மட்டும் பஸ் பயணத்துக்குப் பிறகு கொஞ்சம் ஜாஸ்தி. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை அபிநயாவும் சுகமாக இருப்பது உன் கடிதத்தால் தெரிந்து நிம்மதி. ஆனால் அதில் நீ தேதி போடவில்லை, பாங்கில் வேலை பார்க்கிறவள் இப்படி எழுதலாமா. நாகபுரி வெயிலில் குழந்தையை மதியத்தில் வெளியே விடாதே, மோரில் உப்புப் போட்டுக் கொடு.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரைக் கள்ளக்குறிச்சி டவுனோடு சேர்த்தால் சேரட்டும், நிலம் மனைக் கணக்கில் போகும், விற்றுவிட்டு என்னோடு வந்து இரு என்று எழுதியிருக்கிறாய். உன் அக்கறை புரிகிறது. ஆனால் நம் ஊர்த் தாங்கலை, நம் வயலுக்குத் தண்ணீர் விடுகிற அந்தச் சின்ன ஏரியை, வருங்கால வளர்ச்சிக்கு பஸ் நிலையம் கட்டும் இடம் என்று வரைபடத்தில் குறித்திருப்பது உனக்குத் தெரியாது. சித்திரையில் வந்து பார்க்கிறவருக்கு அது வெறும் பொட்டலாகத்தான் தெரியும். ஐப்பசியில் வந்து பார்க்கச் சொல். தாங்கல் போனால் அதன் கீழே உள்ள நிலம் எதுவும் நிலம் இல்லை, நம்முடையது உட்பட.

இந்தச் சேர்ப்புக்கு ஆட்சேபணை சொல்கிறவர்கள் திருக்கோவிலூரில் அதிகாரி முன்னால் நேரில் வரவேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். குறித்த நாளோ சென்ற செவ்வாய்க்கிழமை. நம் சாதிப் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் உத்தியோகத்திலும் தனி இடம் கேட்டு எல்லா ஊரிலும் சாலை மறியல் செய்த அதே நாள். அன்றைக்கு பஸ் ஓடாது, முந்தின நாளே போய்த் தங்க வேண்டும், திரும்புவதும் எப்போது என்று தெரியாது. இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் காப்பு கட்டிவிட்டார்கள். காப்பு கட்டிய பிறகு ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி வெளியே ராத் தங்கக் கூடாது என்பது உனக்குத் தெரியுமே. தங்கினால் ஊருக்கே ஆகாது என்று பயம். தாங்கல் போய்விடும் என்று வாய் கிழியப் பேசிய ஆண்பிள்ளைகள் ஒருவர்கூட அசையவில்லை.

அப்போதுதான் நாட்டாமை அரங்கநாதன் நம் வீட்டுக்கு வந்தார். உன் அப்பா போன பிறகு கோயில் காரியத்துக்கு என்னைக் கூப்பிடவும் வந்ததில்லை, பிரசாதம் கொடுக்கவும் வந்ததில்லை. வாசலில் நின்றுகொண்டே, “ஒங்களுக்குத்தான் காப்பு கணக்கு இல்லியே அண்ணி, நீங்க போய்ட்டு வந்துடுங்களேன், படிச்சவங்க வேற” என்றார். புருஷன் இல்லாதவளைக் காப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதைத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது, தாங்கலை நினைத்து விழுங்கிவிட்டேன். மனுவை நானே எழுதினேன். ஊர்ப் பொதுமக்கள் அனைவரும் இந்தச் சேர்ப்பை ஆட்சேபிக்கிறோம் என்று தொடங்கி, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை மதிய பஸ்ஸில் கிளம்பினேன். திருக்கோவிலூரில் அம்சவள்ளி சித்தி வீட்டில் தங்கினேன். அவள் உன்னை விசாரித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த ஆபீஸ் வராந்தாவுக்குப் போனால் அங்கே எனக்கு முன்னாலேயே ஆயம்மாளும் அவள் புருஷன் அம்மாசியும் காலனி ஆட்கள் சிலரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயம்மாள் நம் வயலில் எத்தனை காலமாக நடவு நடுகிறாள் என்பது உனக்குத் தெரியும், உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள். முதல்நாளே வந்து பஸ் நிலையத்தில் படுத்திருந்தார்களாம். ஆட்சேபணைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டு, வாங்க என்றேன். ஆயம்மாள் எழுந்து நின்றாள், முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் டவுனோடு சேர்க்கச் சொல்லி மனுக் கொடுக்க வந்திருந்தார்கள். காலனியைக் கேட்க வேண்டும் என்று ஊரில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. காலனிக்குக் காப்பு கட்டுகிற வழக்கம் நம் ஊரில் கிடையாது. அதனால்தான் அவர்கள் தாராளமாக வெளியே வந்து தங்க முடிந்தது, என்னைப் போலவே.

உள்ளே அம்மாசி முதலில் பேசினான். “தெரு வௌக்கு ஊரோட நின்னுபோவுதுங்க. கொழாயி அதுக்கும் முன்னாடியே நின்னுபோவுது. டவுனாப் போனா எங்க வூடு வரைக்கும் வரும்ன்றாங்க, வந்தா வரட்டுங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டான். அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். என் மனுவை நிதானமாகப் படித்துவிட்டு, “பொதுமக்கள் அனைவரும்னு எழுதியிருக்கீங்கம்மா, அப்ப இவங்க எந்த ஊரு?” என்று கேட்டார். அவர்களை யாரோ தூண்டிவிட்டுக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரங்கநாதனுக்கு இன்றைக்கு நான் நல்லவள். சொல்ல வாய் வரவில்லை. வேலந்தாங்கல்தான் என்றேன். பையிலிருந்து பேனாவை எடுத்து ‘அனைவரும்’ என்ற வார்த்தையை அடித்து ஓரத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். அதற்காகத் தாங்கலை விட்டுவிடவில்லை. மதகு எங்கே இருக்கிறது, எந்த வயல் வரை பாய்கிறது, அந்த வயலில் கூலி வேலை யார் செய்கிறார்கள் என்பதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். வைகாசியில் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு எழுதுவேன் என்றார்.

அன்று முழுவதும் வண்டி இல்லை. புதன்கிழமை காலை கிளம்பிய முதல் பஸ்ஸில் நாங்கள் எல்லோருமே ஏறினோம். ரிஷிவந்தியம் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே புளியமரம் கிடந்தது, பஸ் நின்றது. முதல்நாள் அங்கே கல்வீச்சு நடந்திருந்தது போலிருக்கிறது, சிலர் தலையில் கட்டோடு நின்றார்கள். நாலைந்து பேர் உள்ளே ஏறி ஒவ்வொருவராக விசாரித்தார்கள். என்னிடம் ஊரும் உன் தாத்தா பேரும் கேட்டார்கள், சொன்னதும் “ஒக்காருங்கம்மா” என்றார்கள். அம்மாசியிடம் ஊர் கேட்டார்கள், வேலந்தாங்கல் என்றான். “ஊரு சரி, எந்தத் தெரு?” என்று ஒருவன் கேட்டான். அம்மாசி குனிந்துகொண்டான். கேட்டவன் அம்மாசியின் தோள் துண்டைப் பிடித்து எழுப்பினான். நான் எழுந்து, கையை எடு, அவர்கள் என் ஆட்கள், என் வேலையாகத்தான் திருக்கோவிலூர் போய் வருகிறார்கள் என்றேன். அவன் என்னையும் அம்மாசியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் துண்டை விட்டான். மரத்தை ஒதுக்கி வழி விட்டார்கள்.

ஊருக்கு வந்த அன்று மாலையே கோயில் முன்னால் கூட்டம். நான் அந்த வார்த்தையை அடித்த செய்தி, ஆபீஸிலிருந்து யாரோ போன் போட்டுச் சொல்லி, எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. அரங்கநாதன் எல்லோர் முன்னாலும், “பேனாவால ஒரு கோடு போட்டு ஊர வித்துட்டு வந்துட்டீங்களே அண்ணி” என்றார். நானும் எல்லோர் முன்னாலும், காப்பு கட்டும்போது நீங்கள் கணக்கில் விட்டவர்களைத்தான் நான் அங்கே பார்த்தேன் என்றேன். அதிலிருந்து யாரும் என்னோடு பேசுவதில்லை. பச்சமுத்து நேற்று கொல்லைப்புறமாக வந்து, “ஊரு சொல்றவரைக்கும் நம்ம நெலத்துல ஏர் பூட்ட முடியாதும்மா, தப்பா நெனைக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். இத்தனை வருஷம் விளைச்சலில் பங்கு பேசி நம் நிலத்தை வாரத்துக்கு உழுதவன். தப்பாகத்தான் நினைத்தேன்.

ஆனால் ஊர்க்காரர்கள் பேசாதது என்னை அவ்வளவாக உறுத்தவில்லை, மணி. உறுத்துவது வேறு. புதன்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கி ஊர் எல்லை வரை ஒன்றாக நடந்து வந்தோம். அங்கே காலனிக்குப் பிரிகிற இடத்தில் ஆயம்மாள் நின்றாள். ஏதாவது நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன், உன்னிடம் மறைப்பானேன். அவள், “நீங்க சொன்னதாலதாம்மா வழி வுட்டாங்க, இல்லேங்கல. ஆனா எங்க ஊட்டுக்கு நாங்க போறதுக்கு இன்னும் எத்தினி காலம் ஒங்க ஆளுன்னு சொல்லிக்கினு போறது?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். எனக்குத்தான் கோபம் வந்தது. அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை, நானும் கூப்பிட்டனுப்பவில்லை.

ஆகவே என் முடிவு இது. அதிகாரி வரும் நாளில் நான் தாங்கல் கரையில் இருப்பேன், உடன் யாரும் வராவிட்டாலும். தாங்கலில் ஒரு சட்டி மண் கொட்டக் கூடாது என்று சொல்வேன், அதில் நான் இறங்கி வரமாட்டேன். காலனி டவுனோடு போகலாமா என்று என்னைக் கேட்டால், அங்கே போய் அவர்களைக் கேளுங்கள் என்று சொல்வேன். இனி மற்றவர்களுக்காக நான் எழுதுவதாக இல்லை. இதனால் ஊரே இரண்டாகிவிடும் என்கிறார்கள். அது ஏற்கெனவே இரண்டாகத்தான் இருக்கிறது. ஆனால் தாங்கலுக்குப் பேச வேண்டுமானால் தாங்கலின் கீழே எனக்கு நிலம் இருக்க வேண்டும். விற்றுவிட்டவள் பேச்சை யார் கேட்பார்கள். மனை புரோக்கர் தீனதயாளன் உன் விலாசம் வாங்கிப் போயிருக்கிறான், உன் கையெழுத்தும் வேண்டும் என்று உனக்குப் பத்திரம் அனுப்புவான். என் கையெழுத்து அதில் இருப்பதாகச் சொன்னால் நம்பாதே, இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தீமிதி. கூட்டத்தில் நான் போய் நிற்கலாமா என்று யாரிடமும் கேட்கப் போவதில்லை, போய் நிற்பேன். நீ பயப்படாதே, கதவு தாழ்ப்பாள் எல்லாம் உறுதியாக இருக்கிறது. மாப்பிள்ளைக்கு என் ஆசி. அபிநயாவுக்கு வாரம் ஒரு பக்கமாவது தமிழ் எழுத வை. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் வாழக் கடவுளை வேண்டுகிறேன். பத்திரம் வந்தால் பிரிக்காமலே எனக்குத் திருப்பி அனுப்பு. அதை மட்டும் மறந்துவிடாதே.

உன் பிரியமுள்ள அம்மா,
கண்ணகி