பிளாட்ஃபார்ம் டூவின் கடைசிப் பாட்டு

ஜூன் 15, ஞாயிறு

மழை இன்னும் இல்லை. குடை ரிப்பேராகி வந்தது. பழைய கம்பியையே வளைத்துப் போட்டிருக்கிறான், திருடன்.

பத்தரைக்குப் பார்த்தா வந்து நின்றான். பதினேழு வருஷம் கழித்து, மாதுங்காவுக்கு, கையில் ஒரு ஸ்வீட் டப்பா. விளம்பரக் கம்பெனியில் பெரிய ஆளாம், செம்பூரில் பங்களாவாம். நாலு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. பார்க்க நன்றாக இருந்தது.

விஷயம் இது. எங்கள் பழைய பாண்டு 'பிளாட்ஃபார்ம் டூ' மறுபடி சேர்ந்து ஒரு கேஸட் போடப்போகிறது. ஒரு காலத்தில் பம்பாய்க் காலேஜ்களில் எங்களைத் தெரியாதவன் கிடையாது. யாரோ கேஸட் கம்பெனிக்காரனுக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. பாட்டு பார்த்தா. டிரம்ஸ் நூர். ஆர்கன் கிட்டு, இப்போது மஸ்கட்டில். கிட்டாருக்கு என்னைத் தள்ளிவிட்டு இவர்கள் சேர்த்துக்கொண்டவன் கனடா போய்விட்டான். ஆகவே நான்.

1969 ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. எனக்கு இருக்கிறது. போட்டி மேடையில் பாட்டைப் பாதியில் நிறுத்தி, ஸ்ருதி சேரவில்லை என்று மைக்கில் சொன்னேன். சேரவில்லை, சொன்னேன். மறுநாள் இரானி ஹோட்டலில் என்னை நீக்க ஓட்டெடுப்பு. தூக்கிய கைகள்: பார்த்தா, கிட்டு, நூர் (டீ கிளாஸோடு). அப்புறம் வந்த ரெக்கார்டில் 'ஃபுட்பிரிட்ஜ்' பாட்டுக்கு இசை என்று பார்த்தா பெயர். ஸ்டேஷன் பாலத்தில் மழைக்கு ஒதுங்கி நின்று நான் போட்ட ட்யூன்.

ஒரே நிபந்தனை, அந்தப் பாட்டுக்கு என் பெயர். "பேர்தானேடா? போட்டுட்டா போறது" என்றான். எழுதிக் கொடு என்றேன். சிரித்துக்கொண்டே ஸ்வீட் டப்பா மூடியின் உள்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மூடி பீரோவில். ஸ்வீட் பக்கத்து வீட்டுக்கு.

ஜூன் 22, ஞாயிறு

மழை. சயானில் முழங்கால் தண்ணீர். பஸ்ஸில் செம்பூர் போக ஒன்றரை மணி.

ஒத்திகை பார்த்தாவின் கராஜில். கார் வெளியே நனைகிறது. பார்த்தா தலைக்கு மை, கழுத்தில் மஃப்ளர், ஃபிளாஸ்கில் மிளகு வெந்நீர். மேல் ஸ்தாயி போய்விட்டது. அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

நூருக்கு டிரம்ஸ் கிடையாது. சிங்கப்பூரிலிருந்து தானே தாளம் போடும் மெஷின் வந்திருக்கிறது. தாராவியில் தோல் பை ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொண்டு வந்து ஒரு பொத்தானை அமுக்குகிறான். வேகத்துக்கு ஒரு திருகு உண்டு. அதையும் திருகலாம்.

"எங்க கடைத் தையல் மிஷினு இதவிட நல்லாக் கொட்டும் வே" என்றான் என்னிடம். சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. கை தூக்கியவன்.

திரும்பும்போது குடைக் கம்பி நழுவிவிட்டது.

ஜூன் 29, ஞாயிறு

கிட்டு வரமாட்டான், லீவு இல்லை. தன் ஆர்கனை அங்கேயே டூ-இன்-ஒன் ரேடியோ டேப்பில் பதிந்து, ஊருக்கு வருகிறவர் கையில் கேஸட் கொடுத்தனுப்பியிருக்கிறான். அதன்மேல் நாங்கள் பாடி, வாசித்து, இது பாண்டு சேர்ந்ததாம். ஒரே ஊரில் கூட இல்லை.

ஐந்து பாட்டு. நாலு சரி. கடைசி, 'ஃபுட்பிரிட்ஜ்'. இரண்டாவது அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கிட்டுவின் மெஷினில் பேட்டரி தீர்ந்துகொண்டு வந்திருக்கிறது. பதியும்போது டேப் மெதுவாகிக்கொண்டே போனால், இங்கே போடும்போது வேகமும் ஸ்ருதியும் ஏறிக்கொண்டே போகும். முடிவதற்குள் அரை ஸ்வரம் ஏறிவிட்டது.

கிட்டு அப்போதும் அவசரக்குடுக்கைதான் என்றான் பார்த்தா. நூர் தன் மெஷினின் வேகத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான்.

நான் வாய் திறக்கவில்லை. ஒருமுறை திறந்ததற்குப் பதினேழு வருஷம்.

ஜூலை 5, சனி

ஆபீசுக்கு அரைநாள் லீவு. மேனேஜர் காரணம் கேட்டான். பல் என்றேன்.

ஸ்டுடியோ. இஞ்சினியர் வழக்கமாகக் கணபதி ஆரத்தி கேஸட் பதிகிறவன், எங்கள் பாட்டு ஓடும்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய பெரிய மெஷினில் டேப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்கிறது. பாட்டு ஓட ஓட அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் எல்லாம் சரியாகிவிடும். என் கைக்கு எட்டும் தூரம்.

'ஃபுட்பிரிட்ஜ்.' நான் கம்பியை இழுத்து இழுத்து ஆர்கனோடு ஏறினேன். பார்த்தா ஏற முடியாமல் கீழேயே நின்றான். கழுத்து நரம்பு புடைத்தது. தனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான், முகத்தில் தெரிந்தது. வெந்நீர் குடித்தான். மூன்று தடவை பாடினான். மூன்றும் ஒன்றுதான்.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தான்.

"எனக்கு ஒண்ணும் புரியலைடா சேஷு. காது உன்னோடது. சரியா இருக்கா? சொல்லு, இல்லேன்னா இன்னொரு தடவை பாடறேன்."

குமிழைப் பார்த்தேன். நூர் என்னைப் பார்த்தான்.

"பிரமாதம்டா" என்றேன்.

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி சரோஜாவிடமும் பல் என்றே சொன்னேன்.

ஆகஸ்ட் 9, சனி

தூறல். நூர் நனைந்துகொண்டு பன்னிரண்டு கேஸட் கொண்டுவந்தான். அட்டையில் நாலு அரைக் கிழவர்களின் படம். கிட்டுவைப் பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

'ஃபுட்பிரிட்ஜ்', இசை சேஷாத்ரி. தடித்த எழுத்து. வேறு யார் பெயரும் அவ்வளவு பெரிதாக இல்லை.

உள்ளே மடித்த தாளில் பார்த்தா எழுதியிருக்கிறான். ஸ்ருதி சேரவில்லை என்று சொன்னதற்காக 1969-ல் ஒருவனை வெளியே அனுப்பினோம், அவன் சொன்னது சரி, தப்பு எங்களுடையது. இந்தக் கேஸட்டில் அவன் காதைத் தாண்டாமல் ஒரு ஸ்வரமும் போகவில்லை. அடியில் மூன்று பேர் கையெழுத்து. கிட்டுவின் கையெழுத்து மஸ்கட்டிலிருந்து தபாலில் வந்ததாம்.

நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தேன்.

"ஸ்ருதி ஏறுனது எனக்கும் கேட்டுச்சு வே" என்றான் நூர், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே. "அன்னைக்கி நீ சொன்னதுக்குக் கையத் தூக்குனேன். இந்தத் தடவ நீ சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் பொத்தான் அமுக்குறவன்லா."

காபி குடித்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

சரோஜா நேற்றே ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். கொடுத்த கேஸட்டுகள்: சுனாபட்டி அத்தை 1, பக்கத்து வீடு 1, அவள் தையல் கிளாஸ் 3, கீழ்வீட்டு மிருதங்க வாத்தியார் 1. வாத்தியாருக்கு வேறு!

மத்தியானம் பாண்டுப் புறநகரிலிருந்து மச்சினன் குடும்பத்தோடு. எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தாயிற்று. உங்க பாட்டையே முதல்ல போடுங்கோ என்றாள் சரோஜா. டூ-இன்-ஒன்னில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன்.

"ஏன்னா, அதனால என்ன? வயர் இருக்கே" என்று பிளக்கை மாட்டினாள்.