மீசையில் ஒரு கணு

வைத்தியின் சட்டையில் நேற்று உன் வாடை அடித்தது, அண்ணா.

துவைக்கப் போட்டிருந்தான். கையில் எடுத்ததும் குப்பென்று வந்தது. கொத்துமல்லியைக் கசக்கிப் பழைய எண்ணெயில் போட்டு வைத்தால் வருமே, அந்த நாற்றம். பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டுக்குள் வராத நாற்றம். ஜேபியைத் தடவினால் ஒரு தீப்பெட்டி. உள்ளே பச்சையாக ஒரு பூச்சி, மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. நம் தெருக்காரர்கள் கொந்தோபோகா என்பார்களே, மழைக்காலத்தில் தெருவிளக்கடியில் வந்து விழுமே, அந்த நாற்றப்பூச்சிதான்.

"என்னடா இது?" என்று கத்தினேன்.

"தெரியாத பூச்சியா இது உனக்கு? அடையாளம் பாத்துப் பழகறேன் அத்தை. திங்கக்கிழமை வண்டியில கிளம்பறேன். ஜல்பாய்குரிக்கு வடக்கே, அந்த மலையடிக் காட்டுக்கு. அப்பாவோட பூச்சியைத் தேடிண்டு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். உன் சிரிப்பு. நீ போனபோது அவனுக்கு எட்டு வயது. இப்போது அலிப்பூரில் நீ வேலை பார்த்த அதே பூச்சி ஆபீசில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. தமிழை விட வங்காளிதான் நன்றாக வருகிறது. காரியம் ஆகவேண்டுமென்றால் என்னை அத்தை என்பதை விட்டுப் பிஷிமா என்று கூப்பிடுகிறான். உன்னைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருப்பதுதான். உன் ஆபீஸ் துரை எழுதிய லத்தீன் பக்கம், எதிரே படம், படத்தின் கீழே உன் பெயர். பக்கத்தின் கடைசியில், நீ போன பிறகு அடுத்த அச்சில் சேர்த்த ஒரு வரி: இரண்டாவது மாதிரி கிடைக்கவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது புறப்படுகிறான்.

அந்த வரி பொய் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின பொய் என்னுடையது. உன்னிடம் சொல்லாமலே உன்னை அனுப்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்பதால்தான் கை ஓடுகிறது. என் தைரியம் அவ்வளவுதான்.

உனக்குக் கண்ணில் பூ விழ ஆரம்பித்த வருஷம் அது. மன்னி போய்ச் சேர்ந்து, நான் பவானிப்பூர் வீட்டுக்கு உன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்து இரண்டு வருஷம். ஆபீசில் படம் வரைகிறவனுக்குக் கண் போகிறது என்று தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். நீ யோசித்தாய் பார், ஒரு யோசனை! டிபன் கேரியரின் மேலடுக்கில் தக்கையை ஒட்டி, பூச்சியை ஊசியோடு அதில் குத்தி, வீட்டுக்குக் கொண்டுவந்தாய். கீழடுக்கில் மீந்த தயிர்சாதம். ஆபீசை விட்டு ஒரு பூச்சியின் கால்கூட வெளியே போகக்கூடாது என்று அங்கே சட்டம். மறுநாள் மத்தியானம் ஜன்னலோரம் வெளிச்சத்தில் நான் வரைவேன். மாலையில் நீ தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாய்.

"கோலம் போடற கைதானே. கொஞ்சம் சின்னதாப் போடு, அவ்வளவுதான்" என்றாய். அவ்வளவு லேசாகச் சொன்னாய். பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து எனக்குத் தலை வெடிக்கும். ஆனாலும் பிடித்திருந்தது. நிஜத்தைச் சொன்னால், தலை மழித்து மூலையில் உட்கார வேண்டியவளுக்கு அது ஒரு ராஜ்யம்.

நீ சொல்லிக் கொடுத்ததெல்லாம் இப்போதும் வரிசையாக ஞாபகம் இருக்கிறது. முதலில் தலை. பிறகு தோள், அதில் முள் இருக்கிறதா இல்லையா. முதுகின் நடுவே அந்த முக்கோணத் தகடு. திருப்பிப் போட்டால் வயிற்றுப் பக்கம் நாற்றம் விடுகிற துளை, அதைச் சுற்றிக் காது மடல் மாதிரி ஒரு விளிம்பு. கடைசியில் மீசை. "மீசையில எத்தனை கணுன்னு எண்ணாம எழுந்திருக்காதேடி. ஜாதகமே அதுலதான் இருக்கு." இந்தக் கூட்டத்துப் பூச்சிக்கெல்லாம் பெரும்பாலும் ஐந்து கணு என்று சொல்லியிருந்தாய்.

அந்தப் பூச்சி வந்தது ஒரு பங்குனியில். முந்தின மழையில் பிடித்ததாம், யாரோ தேயிலைத் தோட்டத்துக்காரர் அனுப்பியது. ஒன்றே ஒன்று. தவிட்டு நிறம், தோளில் இரண்டு முள், ஒரு மீசை ஏற்கெனவே இல்லை. தெரிந்த ஏதோ ஒரு ஜீனஸில் புதுசாக ஒன்று சேரும் என்று துரை நினைத்ததாகச் சொன்னாய். ஜீனஸ் என்றால் வீட்டுப் பெயர் மாதிரி, அதற்குள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் என்று எனக்கு விளக்கினாய். மீதமிருந்த ஒரு மீசையின் அடிப்பக்கம் தெரியவில்லை என்று நான் ஊசியைக் கொஞ்சம் திருப்பினேன். நகம் பட்டது.

சத்தம்கூட வரவில்லை, அண்ணா. மீசை இரண்டாக ஒடிந்து விழுந்தது. நடுவில் இருந்த ஒரு குட்டிக் கணு, எள்ளில் கால்வாசி இருக்காது, பாயில் எங்கேயோ போய்விட்டது. முட்டி தேயத் தவழ்ந்து தேடினேன். பாயை உதறவும் பயம், உதறாமல் இருக்கவும் பயம். கிடைக்கவில்லை. மிச்சத்தை வேலம்பிசின் தொட்டு அடிக்கணுவோடு ஒட்டிவிட்டேன். ஒட்டினது தெரியவில்லை, என் கை அவ்வளவு சுத்தம். பூச்சியில் இப்போது நாலு கணு. படத்திலும் நாலு போட்டேன். ஒரு கணு போனால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து நீ டிராமிலிருந்து இறங்கி ஓடி வந்தாய். வாசலிலேயே கத்தினாய். துரை படத்தைப் பார்த்தாராம், பூச்சியைக் கண்ணாடிக்கடியில் வைத்து எண்ணினாராம், நாலுதானாம். இத்தனை சாயல் இருந்தும் நாலு கணு என்றால் இது தெரிந்த வீடு எதிலும் சேராது, புது ஜீனஸ் என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம். "பூச்சிக்கு என் பேரை வைக்கப் போறார்டி! லத்தீன்ல!" வைத்தியைத் தூக்கிச் சுற்றினாய். சந்தேஷ் வாங்கி வந்திருந்தாய்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயில் சந்தேஷை வைத்துக்கொண்டு நின்றேன். சொன்னால் பூச்சி வீட்டுக்கு வந்தது தெரியும், உன் கண் தெரியும், நான் வரைந்தது தெரியும், உன் வேலை போகும். இதெல்லாம் நியாயமான காரணம்தான். இன்னொன்றும் உண்டு. என் படம் அச்சில் வரப்போகிறதே என்று எனக்குள் ஒரு அல்ப சந்தோஷம். அதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து மறைத்து அலுத்துவிட்டது.

புத்தகம் வந்தது. அடுத்த ஆனியில் சீமையிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. அங்கே இருக்கும் ஒரு பெரிய படிப்பாளி, ஒரே ஒரு மாதிரியை வைத்து, ஒரே ஒரு மீசையை வைத்து ஜீனஸ் கட்டுவது சரியில்லை, இன்னும் கொண்டுவந்து காட்டுங்கள் என்று எழுதியிருந்தார். துரைக்கு முகம் கறுத்துவிட்டதாம். மழை பிடித்தால்தான் அந்தப் பூச்சி கிடைக்கும். மழை பிடித்தால்தான் அந்தக் காட்டில் காய்ச்சலும். போகிற மூன்று பேரில் ஒருவர் திரும்புவது துர்லபம் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். "என் பேர் வச்ச பூச்சி. நான் போகாம வேற யார் போவா?" என்று நீ நின்றாய்.

என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கண் தெரியாதவன் காட்டில் என்ன தேடுவாய் என்றேன். தாயில்லாப் பிள்ளை என்றேன். நாள் நன்றாக இல்லை என்றேன். சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர எல்லாம் சொன்னேன். குதிரைவண்டியில் நீ ஏறின பிறகு பின்னாலேயே ஓடி வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? "அண்ணா, அந்த மீசை..." என்றேன்.

"என்னடி?"

"மீசை ஒடியாம பத்திரமாக் கொண்டு வா" என்றேன். பாவி நான். வண்டி போய்விட்டது.

ஐந்து வாரம் கழித்து உன்னை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு அனலாக இருந்தது, கண் முழுசாகப் போயிருந்தது. இடுப்பு வேட்டியில் முடிந்து ஒரு தகர டப்பா. கொயினா மருந்தைக் கரைத்துக் கொடுத்துக் கொடுத்து என் விரலெல்லாம் கசந்தது. பதிமூன்றாம் நாள் மத்தியானம் கொஞ்சம் தெளிவாகப் பேசினாய்.

"டப்பாவைத் திற. மூணு இருக்கு. எண்ணிச் சொல்லு."

ஜன்னலுக்குப் போனேன். பூதக்கண்ணாடியை வைத்தேன். மூன்றிலும் இரண்டு மீசையும் முழுசாக இருந்தன. குருடன் கை அவ்வளவு பதமாகப் பொதிந்திருந்தது. முதலாவது ஐந்து. இரண்டாவது ஐந்து. மூன்றாவதை எண்ணவே எனக்குப் பார்வை நிற்கவில்லை. அதுவும் ஐந்து.

"என்னடி, எத்தனை?"

"நாலு அண்ணா."

"மூணுலயுமா?"

"மூணுலயும்."

"நன்னா எண்ணினியா?"

"ரெண்டு தரம் எண்ணினேன்."

"அப்போ நாம தப்பா வரையலை" என்றாய். "துரைகிட்ட சொல்லிடு." மறுநாள் காலையில் நீ இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு துரை வந்தார். டப்பாவைக் கேட்டார். அந்த மூன்றின் மீசையையும் ஒடித்துவிடலாம் என்று முதல்நாள் உட்கார்ந்தேன். கை வரவில்லை. நீ உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்ததை ஒடிக்க நான் யார்? தெரிந்துகொள்ளட்டும், ஆனது ஆகட்டும் என்று அப்படியே நீட்டினேன். ஜன்னலோரம் நின்று ஜேபிக் கண்ணாடியை எடுத்தார். ஒன்று பார்த்தார். மற்ற இரண்டையும் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என் நகக்கண்ணில் தேய்த்தும் போகாமல் இருந்த கறுப்பு மையைப் பார்த்தார். டப்பாவை மூடினார்.

"வழியில் எறும்பு தின்றுவிட்டது" என்றார், அவருக்குத் தெரிந்த இந்துஸ்தானியில், மெதுவாக. "ஒன்றும் மிஞ்சவில்லை. உன் அண்ணன் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டுமா, வேண்டாமா?"

வேண்டும் என்று தலையை ஆட்டினேன். அவர் போய்விட்டார். டப்பாவும் போய்விட்டது. அந்தப் பார்வை மட்டும் இந்த வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் கூடவே வந்தது. இப்போது அவரும் செத்துப் போனார் என்கிறார்கள். அடுத்த அச்சில் அந்த ஒரு வரியைச் சேர்த்து, நீ ஒன்றும் கொண்டுவராமல் வெறும் கையோடு வந்து செத்தவன் என்று ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் உன் பேராவது மிஞ்சட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இன்று காலை வைத்தியிடம் சொல்லிவிட்டேன். அவன் போகாமல் இருக்க வேண்டும், அதற்காகத்தான். பாயில் தொலைந்த கணுவிலிருந்து துரை பார்த்த பார்வை வரை எல்லாம். ஆபீசுக்கு உடுத்தி நின்றவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ அப்பா கண்டுபிடிச்சுட்டாரா?" முதலில் அதைத்தான் கேட்டான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

அப்புறம்தான், "அப்பா கேட்டப்போ நாலுன்னா சொன்னே?" என்றான்.

"நாலுன்னுதான் சொன்னேன்."

எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். திட்டினால் தேவலை என்று இருந்தது. "அஞ்சுன்னு தெரிஞ்சா ஜீனஸ் போயிடும்டா. உங்கப்பா பேரும் அதோட போயிடும். அதான்" என்றேன்.

"யார் சொன்னா?" என்று திரும்பினான். "ஜீனஸ்தான் போகும். பூச்சியோட தனிப்பேர் போகாது அத்தை. வேற வீட்டுல கொண்டுபோய் உட்கார்த்தி வைப்பா, அவ்வளவுதான். அப்பா பேர் அப்படியேதான் இருக்கும். ஆபீசுல பியூனுக்குக்கூடத் தெரியும் இது."

அண்ணா, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே. நீகூடச் சொல்லவில்லையே. துரைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? போகாத பேருக்காகவா நான் பன்னிரண்டு வருஷம் வாயைக் கட்டினேன்? அன்றைக்கு வண்டியைப் பிடித்து நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பேரும் இருந்திருக்கும், நீயும் இருந்திருப்பாய். வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், தொடவில்லை.

"சரி, சொல்லிட்டேன். இனிமே நீ போகவேண்டாம் இல்லியா?" என்றேன்.

"இனிமேதான் போயே ஆகணும். அந்த மூணும் இல்லை. வெறும் வாயால சொன்னா யார் நம்புவா? அஞ்சு கணுவோட ஒண்ணு கொண்டு வந்தாத்தான் அப்பா கொண்டு வந்தார்னு எழுத முடியும்."

சொல்லாமல் உன்னை அனுப்பினேன். சொன்னால் இவன் நின்றுவிடுவான் என்றல்லவா நம்பினேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவன் மேலே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்ட ஆரம்பித்தான். வாசலில் விழுந்து மறிக்கலாமா என்றுகூட நினைத்தேன். மறித்தால் தாண்டிப் போவான், உன் பிள்ளைதானே.

"அந்தப் பெட்டியில என் புடவை ரெண்டையும் வை" என்றேன்.

"எதுக்கு?"

"நானும் வரேன்."

"விளையாடறியா? அங்க காய்ச்சல் அத்தை."

"தெரியும்டா. உங்கப்பனைப் பதினாலு நாள் பாத்தவ நான்."

"உன் மடி, ஆசாரம் ஒண்ணும் நடக்காது. கூடாரத்துல படுக்கணும். தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"நீ வந்து என்ன பண்ணப் போறே அங்க?"

"எண்ணிச் சொல்லப் போறேன்" என்றேன்.